கொம்பனித்தெருவில் போன காசு

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு அம்மா எழும்பி, "கொழும்புக்கு வேலைக்குப் போற புள்ளைங்க, கோல வச்சி பந்து அடிக்கிற எடத்துக்குப் போறாங்களாமே, அது என்னா எடம்? நல்ல எடமா, கெட்ட எடமா?" என்று கேட்டார். அன்றைக்கு மழை இறங்கிவிட்டது. மேட்டு லயத்துக்காரர்கள் போக வேண்டியிருந்தது. அதனால் பதில் சொல்லாமலே கலைந்தோம். இன்றைக்கு அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு குடும்பத்தின் கதையை வைத்துத்தான் பேசப்போகிறோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஊர் பேர் சொல்லமாட்டோம். நாங்கள் பேசுவதற்கு அந்தக் குடும்பம் சம்மதம் தந்திருக்கிறது. "எங்களுக்கு நடந்தது நடந்துபோச்சு, மத்தவங்க காதுல விழட்டும்" என்று அந்த அம்மாதான் சொன்னார்.

அப்பா ஐம்பத்தைந்து வயதில் பேர் வெட்டிக்கொண்டு சேமலாப நிதிக் காசை எடுத்தவர். அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். மூத்தது பெண், முன்பள்ளியில் படிப்பிக்கிறது. அடுத்தது இந்தப் பையன். ஓ.எல். எழுதிவிட்டு லயத்தில் சும்மா இருந்தவனை, அம்மாவின் தம்பி கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமா இருக்கிற இடம் கொம்பனித்தெரு. பக்கத்திலேயே ஒரு சாமான் கடையில் பையனைச் சேர்த்துவிட்டார். தங்குவது மாமா வீட்டில், சாப்பாடு அத்தை கையால். இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

கொம்பனித்தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொடி மெனிக்கேயில் போய்க் கோட்டையில் இறங்கி, கரையோர ரெயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேசன். பேர வாவிக் கரையில் இருக்கிற பழைய இடம். ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை இரவில் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பேர் வந்தது. பிறகு பட்டாளத்து மலாய்க்காரர் குடியேறினார்கள். மலாய் வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் என்று தெருப் பேர்களைப் பார்த்தாலே தெரியும். தமிழர், சோனகர், மலாய்க்காரர், சிங்களவர் எல்லோரும் ஒரே சந்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்த ஊர். கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கிறது. 1965இல் திறந்த ரியோ தியேட்டர், 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. நமக்கும் அந்த இடம் அந்நியம் இல்லை. நாம் கிள்ளிய கொழுந்து தூளாகிப் பெட்டியில் போய் இறங்கிய களஞ்சியங்கள் யூனியன் பிளேஸ் பக்கம்தான் இருந்தன. இப்போது பழைய வீடுகளை இடித்து மாடி வீடுகள் எழுப்பிவிட்டார்கள். நடுவில் சில சந்துகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு சந்தில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு பில்லியட் கூடம். பலகைகூடக் கிடையாது. மூன்று மேசை. ஒன்றில் கூரை ஒழுகி ஒரு மூலையில் பச்சைத் துணி உப்பிப்போய்க் கிடந்ததாம். ஒரு பக்கத்து ரப்பர் செத்துப்போய், பந்து பட்டால் திரும்பி வராதாம். இதையெல்லாம் பையன் எங்களுக்கு விவரமாகச் சொன்னான். ஏன் இவ்வளவு விவரம் என்றால், அந்த மேசையின் குற்றங்குறையெல்லாம் தினமும் ஆடுகிறவனுக்கு மனப்பாடம். புதிதாகப் போகிறவனுக்குத் தெரியாது. ஏமாற்று அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போதே பாதிப் பதில் சொல்லிவிடுகிறோம். விளையாட்டில் குற்றம் இல்லை. ஸ்னூக்கர் என்ற ஆட்டம் 1875இல் இந்தியாவில் ஜபல்பூரில், வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் மத்தியில் உருவானது. அதன் விதிகளை 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள். ஊட்டி என்றால் நமக்குத் தெரியாததா? 1964 ஒப்பந்தத்தில் நம் சொந்தபந்தங்கள் எத்தனை பேர் அந்த நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்! நம் பக்கத்துத் துரைமார் கிளப்புகளிலும் பில்லியட் மேசை இருந்தது. துரை அடிப்பார், நம் ஆள் புள்ளி குறிப்பார்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று. உலக சம்பியன் என்ற பட்டத்தை இந்த நாட்டுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது கிரிக்கெட் அல்ல, பில்லியட்தான். கொழும்பைச் சேர்ந்த எம். ஜே. எம். லாபிர் 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட் போட்டியில் வென்றார். கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தது அதற்கு 23 வருடம் கழித்து, 1996இல். லாபிர் 1981இல் காலமானார். இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்? ஆகவே கோலைக் கையில் பிடித்தவனெல்லாம் கெட்டவன் என்று பேசுவதை விட்டுவிடுவோம். அப்படிப் பேசினால் பிள்ளை அடுத்த தடவை மறைத்துச் செய்வான், அவ்வளவுதான்.

பையன் அந்த மாடிக்கு முதலில் போனது கடைப் பையன்களோடு. கைக்கு ஆட்டம் வந்தது. நன்றாகவே வந்தது. தோற்றவன் மேசைக் காசு கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இரண்டு மாதத்தில் இவன் மேசைக் காசு கொடுப்பது அபூர்வமாகிவிட்டது. அப்போதுதான் ஒரு நடுத்தர வயது ஆள் வந்து, "தம்பி, ஐந்நூறுக்கு ஒண்ணு ஆடுவமா?" என்றார்.

முதல் ஆட்டம் பையன் ஜெயித்தான். இரண்டாவதும் ஜெயித்தான். தாய்மாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பிள்ளை தோற்றதால் மாட்டிக்கொள்வான் என்று நினைக்கிறோம். இல்லை. முதல் நாள் ஜெயித்ததால்தான் மாட்டினான். அந்த ஆயிரம் ரூபாவை அவனுக்குக் கொடுத்து வளர்த்தார்கள், ஆட்டுக்குக் குழை காட்டுகிற மாதிரி.

மூன்றாம் நாள் அந்த ஆள், "நீ கெட்டிக்காரன், எனக்குப் புள்ளி விட்டுக் கொடு" என்று கேட்டாராம். ஸ்னூக்கரில் சிவப்புப் பந்துக்கு 1 புள்ளி. நிறப் பந்துகளுக்கு மஞ்சள் 2இலிருந்து கருப்பு 7 வரை. கெட்டிக்காரன் பலவீனமானவனுக்கு 7, 14, 21 என்று முன்கூட்டியே புள்ளி கொடுப்பது நியாயமான வழக்கம்தான். ஆனால் இங்கே பலவீனமானவன் மாதிரி நடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். அவர் வெல்வதும் கடைசிப் பந்தில்தான் வெல்வார். பெரிதாக அடித்து வென்றால் பையன் பயந்து வீட்டுக்குப் போய்விடுவானே! மயிரிழையில் தோற்றவன்தான் "இன்னொண்ணு" என்று கேட்பான். சுவரோரம் பெஞ்சில் இருக்கிற ஆட்கள் "சே, பாவம், உனக்குத்தான் வரவேண்டிய ஆட்டம்" என்று உசுப்பேற்றுவார்கள். அவர்களும் கூட்டாளிகள்.

கணக்கைப் பாருங்கள். போனதை எடுக்க வேண்டுமென்று ஒவ்வொரு தடவையும் பந்தயத்தை இரட்டிப்பாக்கினான். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. ஏழே ஏழு தோல்வி. கூட்டிப் பார்த்தால் 63,500 ரூபா. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம், 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபாதான். அறுபத்து மூன்றரை நாள் பேர்! 2024 செப்டெம்பரில் 1,350 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலும் அம்மா 47 நாள் மலையேற வேண்டும்.

கையில் காசில்லை. கூடத்தை நடத்துகிறவர் ஒரு தாளை நீட்டி, கைமாற்று வாங்கியதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார். பையன் மாமாவிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா கோபக்காரர் என்பதால் சொல்லவில்லையாம். மாமா நல்லவர் என்பதால் சொல்லவில்லையாம். இரண்டுக்கும் முடிவு ஒன்றாகிப்போனது.

பிறகு அந்தக் கூடத்துக்காரர், "கவலைப்படாதே, நீ எனக்காக ஆடு, காசு நான் போடுறேன்" என்றார். ஜெயித்தால் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு பையனுக்கு; அதுவும் கடனில் கழியும். ஏன் இவனைப் பிடித்தார் தெரியுமா? தோட்டத்துப் பொடியன், சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் போட்டுக்கொண்டு, ஆள் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாமல் நிற்கிறான். இவனைப் பார்த்தால் யார்தான் பயப்படுவார்கள்? நம் பிள்ளையின் வெள்ளை மனசையே வலையாக விரித்துவிட்டார்கள். எங்களுக்கு இதுதான் இன்றைக்கும் ஆறாத கோபம்.

இது கொம்பனித்தெருவில் மட்டும் நடக்கிற கூத்தில்லை. அமெரிக்காவில் வால்டர் டெவிஸ் என்பவர் 1959இல் இதே தொழிலை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1961இல் அது போல் நியூமன் நடித்த படமாக வந்தது. அந்தப் படத்திலும் காசு போடுகிறவன் கேட்பது நூற்றுக்கு 75! வட அயர்லாந்தில் அலெக்ஸ் ஹிக்கின்ஸ் என்றொருவர். பெல்பாஸ்ட் நகரத்தில் சின்ன வயதிலேயே ஒரு ஸ்னூக்கர் கூடத்தில் கோல் பிடித்துப் பழகி, 1972இலும் 1982இலும் உலக சம்பியன் ஆனார். அவ்வளவு சம்பாதித்தும் குடியும் பந்தயமுமாகக் கரைந்து, 2010இல் தனியாகக் கிடந்து செத்தார். உலக சம்பியனுக்கே அந்தக் கதி.

2024இல், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய ஆட்டம் ஒன்று வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு ஆட்டக்காரர். ஆளுக்கு ஒன்றரை லட்சம். ஐந்தில் மூன்று வெல்ல வேண்டும். அதற்கு மேல் பெஞ்சுக்காரர்களின் பந்தயம் வேறு.

யாரோ சொல்லி, மாமாவுக்குச் செய்தி எட்டியது. பையனை இழுத்துக்கொண்டு வர வேண்டுமென்றுதான் மாமா படியேறினார். மேலே போனவர், மருமகன் ஆடுவதைப் பார்த்தார். எல்லோரும் மூச்சுவிடாமல் இவனையே பார்க்கிறார்கள். பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது. மாமாவுக்குப் பெருமை வந்துவிட்டது. "என் அக்கா மவன்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னாராம். சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்குக் காலையில்தான் அத்தை கட்டிய சீட்டு விழுந்து 80,000 ரூபா கைக்கு வந்திருந்தது. வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்து, முழுவதையும் மருமகன் மேல் வைத்துவிட்டார். கண்டிக்கப் போனவரே பந்தயம் கட்டினார். மனிதர் நல்லவர்தான். அந்த அறைக்குள்ளே இருக்கிற காற்று அப்படி.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கூடத்துக்காரர் பையனைப் பின்பக்கம் கூப்பிட்டு, "இதை விட்டுடு. விட்டால் உன் கடன் தாளைக் கிழிச்சிப் போடுறேன்" என்றார். அவர் ரகசியமாக எதிராளி மேல்தான் காசு வைத்திருந்தார். மாமா காசு கொடுத்ததைப் பையன் கண்ணால் பார்த்திருந்தான்.

கடைசியில் மேசையில் கருப்புப் பந்து மட்டும். பையன் நான்கு புள்ளி பின்னால். கருப்பைப் போட்டால் மூன்று புள்ளியால் வெற்றி. "நேர் பந்துங்க. கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் விழும்" என்று எங்களிடம் சொன்னான். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அதை அடிக்கவில்லை. விளிம்பில் தட்டி விட்டுவிட்டான்.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லையாம். தோளில் கை போட்டு, "பரவால்லடா, கை நடுங்கிருச்சி" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போனாராம். அந்த ராத்திரி அத்தை அழுத சத்தம் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த அவனுக்குக் கேட்டது. தாளையும் கூடத்துக்காரர் கிழிக்கவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

பையன் அம்மாவுக்குப் போன் போட்டு, "என்னால மாமா காசு போயிருச்சி" என்று மட்டும் சொன்னான். அம்மா என்ன செய்தார்? தன் தோட்டையும் மகள் சங்கிலியையும் அடகு வைத்து, 30,000 ரூபா எடுத்து, தம்பிக்கு அனுப்பினார். "அத்தான் குடுத்து விட்டாரு" என்று ஒரு பொய்யையும் சேர்த்து அனுப்பினார். புருசனுக்கும் தம்பிக்கும் சண்டை வரக்கூடாது என்று சொன்ன பொய். நம் வீடுகளில் எத்தனை அம்மாமார் இப்படி நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் முட்டுக் கொடுக்கிறார்கள்!

தீபாவளிக்கு மாமா குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்தார். பலகாரம் வைத்தாயிற்று. மாமா மரியாதையாக, "அத்தான், நீங்க அனுப்பின முப்பதாயிரம் பெரிய ஒதவி" என்றார். அப்பா, "எந்த முப்பதாயிரம்?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மா அழுதார். பையன் எழும்பி, எல்லாவற்றையும் சொன்னான், கருப்புப் பந்தை வேண்டுமென்றே விட்டது உட்பட. மாமா இலையில் கை வைத்தவர் அப்படியே எழும்பினார். காசு போனதைத் தாங்கிக்கொண்ட மனிதருக்கு, அந்தப் பந்தைத் தாங்க முடியவில்லை. "நீதான் கூட்டிட்டுப் போய்க் கெடுத்தே" என்று அப்பா கத்த, "உங்க புள்ள என்னையே வித்துட்டான்" என்று மாமா சொல்லிவிட்டு, சாயந்தர பஸ்ஸிலேயே போய்விட்டார். மாமா மகளுக்கும் பையனுக்கும் முடிச்சுப் போடலாம் என்று சின்ன வயதிலிருந்து பேச்சு. அதுவும் அன்றோடு நின்றது.

எங்களைக் கூப்பிட்டது அக்காதான். லயத்துக்குப் போனபோது நான்கு பேரும் நான்கு மூலையில் இருந்தார்கள். யார் குற்றம் என்று எல்லோரும் பேசினார்கள். அந்தப் பிள்ளை மட்டும்தான், "அந்தத் தாள் இன்னும் அந்த ஆள்கிட்ட இருக்கே, அதுக்கு என்னா செய்றது?" என்று கேட்டது.

அதற்கான பதிலை இங்கே எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. பந்தயத்தில் தோற்ற காசை வழக்குப் போட்டு வாங்க முடியாது. அது நம் நாட்டில் நெடுங்கால வழக்கு. அதனால்தான் இவர்கள் கைமாற்று என்று எழுதி வாங்குகிறார்கள். பிள்ளை கையெழுத்து வைத்திருந்தால் பயந்து ஓடி ஒளியாதீர்கள், கழுத்தில் காதில் இருப்பதைக் கழற்றியும் கொடுக்காதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1889இல், சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்துக்குப் பயப்பட வேண்டியது அவர்கள்தான். இந்த விசயத்திலும், வழக்கறிஞரிடம் பேசிவிட்டோம் என்று சொல்லி அனுப்பிய பிறகு அந்த ஆள் தாளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை.

பையன் மூன்று மாதம் படுத்தே கிடந்தான். ராத்திரியில் தூக்கம் இல்லை, கண்ணை மூடினால் அந்தக் கருப்புப் பந்து. "சோம்பேறி" என்று அப்பா திட்டினார். அது சோம்பல் இல்லை என்று அவருக்கு விளங்கவைக்க எங்களுக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருந்தது. 1926 என்ற எண்ணுக்குப் போன் எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம். முதல் தடவை அக்காதான் எண்ணை அழுத்திக் கையில் கொடுத்தது. ஒருநாள் அப்பா எங்களோடு வாசல்வரை வந்து, "நானும் ஒரு காலத்துல சம்பள ராத்திரி பீலிக்கரையில காட்ஸ் போட்டவன்தான். இவங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்றார். வீட்டுக்குள்ளே போய்ச் சொல்லுங்கள் என்றோம். சொன்னாரா என்று கேட்கவில்லை.

பையன் இப்போது ஹட்டன் டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மாமாவுக்கு இன்னும் 50,000 இருந்தது. மாதம் 5,000 வீதம் அனுப்பச் சொன்னது யாரும் இல்லை, அவனாகவே ஆரம்பித்தான். மாமா காசை எடுத்துக்கொள்வார், போனில் பேசமாட்டார். ஒன்பது தவணை இப்படியே போனது. அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான், வட்டி மட்டும் கட்டிவருகிறார்கள்.

பத்தாவது தவணை அனுப்பப் போகும்போது அத்தை போன் எடுத்தாராம். அனுப்ப வேண்டாமாம், மாமா வருகிற பொங்கலுக்குத் தோட்டத்துக்கு வந்து கையிலேயே வாங்கிக்கொள்வாராம். அப்பா அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கிவிட்டார். அம்மா எத்தனை பேருக்குச் சமைப்பது என்று எங்களைக் கேட்கிறார்.